முள்ளோடை வரை தனித்தனி சீட்

கேள்வி கேட்டவர் கடலூர் முதுநகர்க்காரர். வயது 24. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டுப் புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது 17,000 ரூபாய். கூடவே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் படிக்கிறார். நெல்லிக்குப்பம் பக்கத்துப் பெண் ஒருவரை இரண்டு வருடமாகக் காதலிக்கிறார். அவள் பி.எட். படிக்கிறாள், வேறு சாதி. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி பீச் ரோட்டில் சந்திப்பு. தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று பஸ்ஸில் புதுச்சேரி எல்லையான முள்ளோடை வரை தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வருகிறார்களாம். சம்பளம் 25,000 என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார். "வீட்டில் எப்போது பேசுவாய்" என்று அவள் கேட்டால் இரண்டு நாள் போனை எடுப்பதில்லை. பண்ருட்டியில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். "காதலை விட்டால்தான் முன்னேற முடியுமா, அல்லது எனக்கு இன்னும் பக்குவம் வரவில்லையா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நான் புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராக 20 வருடத்துக்கு மேல் இருந்தவள். பிறந்து வளர்ந்தது கடலூர் மஞ்சக்குப்பம். 'காதலா, முன்னேற்றமா' என்ற கேள்வியை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அநேகமாக எல்லாரும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளைகள் கேட்பது வேறு: "இவன் எப்ப மேடம் பேசுவான்?" அதனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் குரூப் 4 எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தனித்தனி சீட்தான் கண்ணில் நின்றது.

உங்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் காலத்திலும் அதே கதைதான். சில்வர் பீச்சுக்குப் போனால் பெரியப்பா மகன் வாலிபால் ஆடிக்கொண்டிருப்பான். பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனால் அத்தை பிரகாரம் சுற்றிக்கொண்டிருப்பாள். ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, முள்ளோடை வந்த பிறகுதான் மூச்சு விட முடியும். (முள்ளோடை வந்ததும் வேறு காரணத்துக்காக மூச்சு விடுகிறவர்கள் அந்த பஸ்ஸில் பாதிப் பேர் இருப்பார்கள், அதை விடுங்கள்.) நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதுச்சேரி என்பது அரை மணி முக்கால் மணி தூரத்தில் இருக்கும் மறைவிடம்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷிப்ட் மாறும் வாரம், அவள் பரீட்சை, மழை எல்லாம் கழித்தால் வருடத்துக்கு 40 ஞாயிறு சந்தித்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம். இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம், அதாவது பத்து நாள். அந்தப் பத்து நாளும் இருவரும் இருக்கிற நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, கடல் காற்றில், சுண்டல் தின்றுகொண்டு இருந்த நாட்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு எரிந்து விழும் உங்களை அவள் பார்த்ததில்லை. அவள் அம்மாவிடம் எப்படிப் பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியாது. போன் பேச்சை நான் சேர்க்கவில்லை. போனில் நாம் எல்லாருமே கொஞ்சம் நல்லவர்கள்.

ஒளித்து வைத்த காதலின் சிக்கல் பொய் சொல்வது மட்டுமில்லை. அது அன்றாடத்தைத் தொடுவதே இல்லை. சண்டை வந்தால் மூன்றாவது மனிதர் யாரும் "நீ பண்ணது தப்புடா" என்று சொல்லப்போவதில்லை. பணம் பற்றாத மாதம் எப்படிப் போகும் என்று பார்த்ததில்லை. வளரவேண்டிய பயிரை அறைக்குள் வைத்த மாதிரி, உயரமாகப் போகும், தண்டு மட்டும் பிடிக்காது.

அப்புறம் அந்த 25,000. என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். அதை அடைப்புக்குறி போட்ட மாதிரி போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். ஊருக்கு ஒளிக்கப் பழகிய கை கொஞ்ச நாளில் அவளுக்கும் ஒளிக்கும். முதலில் சம்பளம். பிறகு, பரீட்சைக்குப் படிக்காமல் தூங்கிய நாள். பிறகு அப்பா வாங்கி வைத்திருக்கும் கடன். எட்டாயிரம் ரூபாய் வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை, 17,000 வாங்குகிற ஆளை அவள் விரும்பமாட்டாள் என்று நீங்களே முடிவு கட்டினீர்கள் பாருங்கள், அதுதான் பெரிது. அவளுக்கு அந்த முடிவை எடுக்க வாய்ப்பே கொடுக்கவில்லை. இப்போது அவள் "வீட்டில் பேசு" என்று கேட்பது 25,000 வாங்கும் ஒருவரிடம். அந்த ஆள் ஏன் பேச பயப்படுகிறார் என்று அவளுக்குப் புரியாததில் வியப்பில்லை.

இதை முதலில் சரி செய்யுங்கள். பீச் ரோட்டில் வைத்து வேண்டாம். அங்கே கூட்டம், காந்தி சிலையிலிருந்து பழைய துறைமுகம் வரை நடந்தால் நாலு பேர் இடித்துக்கொண்டு போவார்கள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நிற்கும். பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துப் பக்கம் மதிய நேரம் பெஞ்சு கிடைக்கும். சம்பளச் சீட்டைக் காட்டிச் சொல்லுங்கள். கோபப்படுவாள். படட்டும். அன்றைக்குத்தான் உண்மையான அவளை நீங்களும் உண்மையான உங்களை அவளும் பார்ப்பீர்கள்.

அடுத்தது, அந்த இரண்டு நாள் மௌனம்.

1987-ல் சிண்டி ஹேசன், பிலிப் ஷேவர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் டென்வர் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஒரு 'காதல் வினாத்தாள்' அச்சிட்டார்கள். குழந்தைக்கும் தாய்க்கும் இருக்கும் பற்றைப் பற்றி அதற்கு முன்பே ஜான் பவுல்பி எழுதியிருந்தார். பெரியவர்களின் காதலும் அதே மாதிரி ஒரு பற்றுதானா என்று பார்ப்பது இவர்கள் நோக்கம். வந்த பதில்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் நெருக்கத்தில் நிம்மதியாக இருப்பவர்கள். மீதிப் பேரில் ஒரு பகுதி, யாராவது ரொம்ப நெருங்கினால் விலகிப் போகிறவர்கள். இன்னொரு பகுதி, எங்கே விட்டுவிடுவார்களோ என்று பதறுகிறவர்கள். இதை ஜாதகம் மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது சமூக ஊடகத்தில் ஆளாளுக்கு 'நான் இந்த டைப்' என்று பட்டம் கட்டிக்கொண்டு திரிகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஒருவரிடம் விலகி நிற்கும் ஆளே இன்னொருவரிடம் பதறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள இது உதவும். நீங்கள் போனை எடுக்காமல் இருப்பது உங்களுக்கு 'கொஞ்சம் யோசிக்க இடம்'. அவளுக்கு அது 'போய்விட்டான்'. அவள் பதறிப் பத்து தடவை அழைக்கிறாள், பத்து அழைப்பைப் பார்த்ததும் நீங்கள் இன்னும் உள்ளே போகிறீர்கள். இருவரில் யாரும் கெட்டவர் இல்லை. சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நிறுத்துவதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. "இப்ப எனக்குப் பதில் தெரியல. நாளைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு நானே கூப்பிடறேன்." இவ்வளவுதான் அனுப்ப வேண்டியது. ஒன்பது மணிக்குக் கூப்பிட வேண்டும், அதுதான் முக்கியம். ஊடலை வள்ளுவர் உப்புக்கு ஒப்பிட்டிருக்கிறார். அளவோடு இருந்தால் ருசி, கொஞ்சம் நீளவிட்டால் உப்பு கூடிப்போன குழம்பு. இரண்டு நாள் என்பது குழம்பைக் கொட்டவேண்டிய அளவு.

'செட்டில் ஆகிவிட்டுப் பேசுகிறேன்' என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு உளவியலில் ஆதரவு இருக்கிற மாதிரி தோன்றும். எரிக் எரிக்சன் மனித வாழ்க்கையை எட்டுக் கட்டமாகப் பிரித்தார். பதின்ம வயதில் 'நான் யார்' என்ற கேள்வி, அது ஓரளவு தெளிந்தபின் இளமையில் 'இன்னொருவரோடு நெருங்க முடியுமா, தனித்துப் போவேனா' என்ற கேள்வி. தன்னைத் தெரியாதவன் நெருக்கத்தில் தன்னைத் தொலைத்துவிடுவான் என்பது அவர் வாதம். பின்னால் வந்தவர்கள் இந்த வரிசையை அப்படியே ஏற்கவில்லை, பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இரண்டும் ஒன்றாகவே வளர்கின்றன என்று எழுதினார்கள். என் மேஜை அனுபவமும் அதுதான். ஆனால் எரிக்சன் சொன்ன 'நான் யார்' என்பதற்கும் நம் ஊரில் சொல்லும் 'செட்டில்' என்பதற்கும் சம்பந்தமே இல்லை. நம் 'செட்டில்' என்பது அரசு வேலை, மாடி வீடு, தங்கை கல்யாணம். அது ஒரு வருடத்தில் முடியலாம், பன்னிரண்டு வருடத்திலும் முடியாமல் போகலாம். குரூப் 4-க்கு லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள், இடம் சில ஆயிரம். அந்தப் பட்டியலில் பெயர் வருவதையும் நீங்கள் ஆளாவதையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால், பெயர் வராத வருடமெல்லாம் நீங்கள் ஆளில்லாமலே போய்விடுவீர்கள்.

'நான் யார்' என்பதற்கு இப்போதே பதில் தேடலாம். பரீட்சை கைகூடவில்லை என்றால் இந்த மெக்கானிக்கல் வேலையிலேயே மேலே போக விருப்பமா, இல்லை அப்பா சொன்னதற்காக எழுதுகிறீர்களா? எத்தனை தடவை எழுதிப் பார்ப்பீர்கள்? வீட்டுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று நினைக்கிறீர்கள்? யார் எதிர்த்தாலும் விடமாட்டேன் என்று உங்களிடம் இருப்பது என்ன? இதற்கெல்லாம் ஹால் டிக்கெட் தேவையில்லை.

படிப்பைப் பற்றி இரண்டே வார்த்தை. காதல் உங்கள் நேரத்தைத் தின்னவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் போனால் யாரும் பெயிலாகப் போவதில்லை. தின்பது, முடிவெடுக்காமல் பாதியில் தொங்கும் விஷயம். புத்தகத்தை விரித்ததும் அதுதான் வந்து உட்காரும்.

அவள் பக்கம் கொஞ்சம் திரும்புவோம். நீங்கள் சொல்லும் 'இன்னும் இரண்டு வருடம்' உங்களுக்கு இரண்டு பரீட்சை. அவளுக்கோ, பி.எட். முடித்த கையோடு தரகர் வீட்டுக்கு வருவார், ஜாதகம் கேட்பார்கள், போட்டோ எடுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொல்லி அவள் தனியாகத் தடுக்க வேண்டும். உங்கள் காலத்தை நீட்டிக்க அவள் தினமும் விலை கொடுக்கிறாள். 'எப்போது பேசுவாய்' என்பது நச்சரிப்பாக உங்கள் காதில் விழுகிறது. அவள் கேட்பது, எத்தனை நாளைக்கு இந்தச் சுமையைத் தனியாகத் தூக்குவது என்று. தேதி கொடுங்கள். 'அடுத்த குரூப் 4 எழுதிய மறுமாதம், முடிவு எதுவானாலும், வீட்டில் பேசுவேன்' என்று சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அவளும் 23 வயதுக்காரி, அவளுக்கும் ஒரு வாழ்க்கை திட்டமிட வேண்டியிருக்கிறது. வேலை கிடைத்தபின் எந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்க ஆசை என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?

இனி சாதி. 'மனசைத் திறந்து பேசுங்கள், எல்லாம் சரியாகும்' என்று நம் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் லேசாகச் சொல்லக்கூடாது. 2003-ல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன், கண்ணகி என்ற இரண்டு பட்டதாரிப் பிள்ளைகளை விஷம் கொடுத்துக் கொன்றார்கள். வேறு வேறு சாதி, ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்தவர்கள். கொன்றது பெண்ணின் சொந்தக் குடும்பம். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2025 ஆனது. அதனால் ஒளிப்பதில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துப் பாருங்கள். உயிருக்குப் பயந்து ஒளிப்பது விவேகம். ஒரு சங்கடமான பேச்சுக்குப் பயந்து ஒளிப்பது வேறு. உங்கள் வீட்டிலும் அவள் வீட்டிலும் இருப்பது எது? கோபம், அழுகை, சாப்பிடாமல் படுத்துக்கொள்வது, ஆறு மாதம் பேசாமல் இருப்பது என்றால் தாங்கலாம், பெரும்பாலான வீடுகள் இந்த ரகம்தான். அடிதடி, வீட்டில் பூட்டி வைத்தல், 'வெட்டிப்போடுவேன்' என்ற பேச்சு ஏற்கனவே அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்காவது நடந்திருந்தால் முதல் பேச்சு வீட்டில் இருக்கக்கூடாது. இதை எடைபோட வேண்டியது அவள். அவள் அண்ணன் எப்படிப்பட்டவன் என்று உங்களைவிட அவளுக்கே தெரியும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்தால் பெற்றோர் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. வயது வந்த இருவர் ஒருவரையொருவர் தேர்ந்தெடுப்பதில் குடும்பமோ சாதியோ ஊரோ தலையிட முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மிரட்டல் வரும் ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் காவல்துறையில் தனிப் பிரிவு வேண்டும் என்றும் சொன்னது. இருவரும் இந்துக்கள் என்றால் தமிழ்நாட்டில் 1967-ல் கொண்டுவந்த திருத்தப்படி சுயமரியாதைத் திருமணம் செய்து பதிவு செய்துகொள்ளலாம், சாதி குறுக்கே வராது. மதம் வேறு என்றால் 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும், அறிவிப்பு ஒட்டி 30 நாள் காத்திருக்க வேண்டும். புதுச்சேரியில் ரூம் எடுத்துக்கொண்டு அங்கே போட்டால் ஊருக்குத் தெரியாது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். நிரந்தர முகவரி கடலூர் என்றால் அந்த அறிவிப்பின் நகல் கடலூர் அலுவலகத்துக்கும் வரும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே போய் நிற்கச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பேசிப் பார்த்து, ஒத்துவரவில்லை என்று முடியவும் முடியலாம். அதைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஒளித்து வைத்தவர்களுக்கு அது இரட்டை அடி. புதுச்சேரி சொல்தா குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், பாரீசிலிருந்து வரன் வந்தது. மூன்று வருடக் காதல் ஒரு மாதத்தில் முடிந்தது. வீட்டில் எல்லாரும் புடவை எடுக்கப் போன அன்றைக்கு இவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். "செத்திருந்தாக்கூட நாலு பேர் துக்கம் கேக்க வருவாங்க மேடம்" என்றாள். ஊரறியாத இந்த மாதிரித் துக்கத்தை உளவியலாளர்கள் தனியாகவே பெயர் வைத்துப் படிக்கிறார்கள். அழ அனுமதி இல்லாத துக்கம் ஆறுவதற்கு அதிக நாள் எடுக்கும். அவளுக்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை, வாரம் ஒருமுறை வந்து அழுதுவிட்டுப் போக ஒரு நாற்காலி கொடுத்தேன். உங்களுக்கோ அவளுக்கோ தூக்கம் போய், சாப்பாடு போய், சாவு பற்றி நினைப்பு வந்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

சரி, பக்குவம் வந்ததா இல்லையா என்று கேட்டீர்கள். 24 வயதில் யாருக்கும் வந்து முடிந்திருக்காது, எனக்கு நாற்பதில்தான் மாமியாரிடம் 'முடியாது' என்று குரல் உயர்த்தாமல் சொல்ல வந்தது. ஒளிக்கத் தெரிந்த அளவுக்கு உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். சொல்வது பழகிப் பழகித்தான் வரும். அதற்கு முதல் ஆளாக அப்பாவைப் பிடிக்காதீர்கள், அது நேராகக் கடைசிப் பரீட்சையில் போய் உட்காருவது.

அக்காவில் தொடங்குங்கள். அவருக்குச் சந்தேகம் வந்தும் வீட்டில் மூட்டிவிடவில்லை, அதைக் கவனித்தீர்களா? மாமா வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் போங்கள். முதலில் சம்பளப் பொய்யைச் சொல்லுங்கள், அக்கா திட்டி முடிக்கட்டும், பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லுங்கள். பலாப்பழ சீசனில் பண்ருட்டிக்குப் போவதற்கு வீட்டில் யாருக்கும் காரணம் சொல்லவேண்டியதில்லை.